மழைக்கும் மார்கழிக்கும் இதமான சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசியில் அடைமழை பிடித்தால் தை பிறக்கும்வரை அடுப்படியில் கேட்கப்படும் கேள்விகளே வேறு. ரசம் ஏன் கசக்கிறது, பொங்கல் ஏன் கல்லாகிறது, மாவு ஏன் பொங்கவில்லை, சுக்கு காபியில் பால் ஏன் திரிகிறது? அவற்றுக்கான பதில்களைச் செய்முறையோடும் காரணத்தோடும் இங்கே தொகுத்திருக்கிறோம். 1 கப் என்றால் 200 மி.லி. டம்ளர், டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி. வேறாகச் சொல்லாத இடங்களில் அளவு நான்கு பேருக்கு.

குளிர்காலச் சமையலில் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டுவது ஏன்?

மிளகாய் நம் மண்ணுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில், போர்த்துக்கீசியர் வழியாகத்தான். அதுவரை நம் சமையலின் காரம் மிளகும் சுக்கும் திப்பிலியும். இந்த மூன்றையும் சேர்த்துத்தான் சித்த மருத்துவம் திரிகடுகம் என்கிறது. பழைய குளிர்காலப் பதார்த்தங்கள் எல்லாம் இந்தக் காரத்தை நம்பி உருவானவை. மிளகாய் நாக்கையும் உதட்டையும் சுடும். மிளகுக் காரம் தொண்டைக்குள் இறங்கி அங்கே நிற்கும். ஈரக் காற்றில் தொண்டை கரகரக்கும்போது தேவைப்படுவது அதுதான்.

மிளகை முழுதாக வாங்கி, சமைக்கும் நேரத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பொடித்து வைத்த மிளகில் காரம் இருக்கும், வாசனை போயிருக்கும். வாங்கிய மிளகின் மீது சந்தேகம் இருந்தால் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். திரண்ட மிளகு அடியில் தங்கும். கலப்படமாகச் சேர்க்கும் பப்பாளி விதை மேலே மிதக்கும். உள்ளீடற்ற பொக்கு மிளகும் மிதக்கத்தான் செய்யும், அதுவும் சமையலுக்கு ஆகாது.

மிளகு ரசத்துக்குச் சரியான அளவும் பக்குவமும் என்ன?

புளி 15 கிராம் (சிறிய எலுமிச்சம்பழத்தில் பாதி அளவு), நன்கு பழுத்த தக்காளி 1, மிளகு 2 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், தோலோடு பூண்டு 6 பல், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், பெருங்காயம் ஒரு சிட்டிகை, உப்பு, கறிவேப்பிலை, கொத்தமல்லித்தழை. தாளிக்க நெய் 1 டீஸ்பூன், கடுகு அரை டீஸ்பூன், காய்ந்த மிளகாய் 1.

புளியை ஒரு கப் வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, இன்னும் அரை கப் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டுங்கள். தக்காளியைக் கையால் பிசைந்து போட்டு, உப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம் சேர்த்து மிதமான தீயில் 8 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கால் பங்கு வற்றி, பச்சைப் புளி வாசனை அடங்க வேண்டும். ரசத்தில் கொதிக்க வேண்டிய பகுதி இது மட்டும்தான்.

மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் உரலில் கொரகொரப்பாகத் தட்டுங்கள். மிக்ஸி என்றால் இரண்டு மூன்று முறை விட்டுவிட்டுச் சுற்றினால் போதும். புளிக்கரைசலில் 2 கப் தண்ணீர் ஊற்றி, தட்டியதைப் போட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டுத் தீயைக் குறைத்துவிடுங்கள்.

இனி அடுப்பை விட்டு நகரக் கூடாது. முதலில் பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம் கட்டும். அந்த நுரை மெல்ல நடுவுக்கு நகர்ந்து மேற்பரப்பு முழுவதையும் மூடும். நடுவில் முதல் குமிழி உடைத்துக்கொண்டு வரும்முன் அடுப்பை அணைக்க வேண்டும். கொத்தமல்லித்தழை தூவி, நெய்யில் கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டி உடனே மூடுங்கள். 10 நிமிடம் கழித்துத் திறந்தால் வாசனை முகத்தில் அடிக்கும்.

ரசம் கசக்கிறது. சில நாள் புளித்தண்ணீர் மாதிரியும் இருக்கிறது. எங்கே தவறு?

கசப்புக்குப் பெரும்பாலும் காரணம் மிளகு சீரகம் போட்ட பிறகு தளதளவென்று கொதிக்கவிட்டதுதான். அவற்றின் வாசனை எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் தங்கும். சீரகத்தை மாவாக அரைத்தாலும், பெருங்காயம் கூடினாலும், தாளிப்பில் கடுகு கருகினாலும் கசக்கும்.

புளித்தண்ணீர் மாதிரி இருந்தால், புளி கொதிக்கும்முன்பே மொத்தத் தண்ணீரையும் ஊற்றியிருப்பீர்கள். முதலில் கெட்டியாகக் கொதிக்கவைத்து, பிறகுதான் விளாவ வேண்டும். இனி மாற்ற முடியாது என்ற நிலையில், வேகவைத்த துவரம்பருப்புத் தண்ணீர் அரை கப் ஊற்றி, மறுபடி நுரை கட்டும்வரை சுடவைத்தால் புளிப்பு தணியும்.

அடியில் வண்டல் தங்குவது குறையே இல்லை. தெளிவு வேண்டியவர்களுக்கு மேலாகவும், காரம் வேண்டியவர்களுக்குக் கலக்கியும் ஊற்றுங்கள்.

ஈயச்சொம்பில் ரசம் வைக்கலாமா? ஈயம் உடம்புக்குக் கெடுதி என்கிறார்களே?

இரண்டு உலோகங்களையும் நாம் ஈயம் என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. ரசச்சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். நஞ்சு என்று சொல்லப்படுவது காரீயம். விலை குறைவுக்காகக் காரீயம் கலந்த சொம்பு வாங்கிவிடக் கூடாது, குறிப்பாகப் புளி கொதிக்கும் பாத்திரத்தில். தரத்துக்கு உறுதி தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். உறுதி இல்லையென்றால் எவர்சில்வர் பாத்திரத்திலேயே வையுங்கள், ரசத்தின் ருசி முக்கால்வாசி பக்குவத்தில்தான் இருக்கிறது.

வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கவே கூடாது. புளிக்கரைசலை ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், தீ சொம்பின் பக்கவாட்டில் ஏறக் கூடாது. தாளிப்பு எப்போதும் தனிக் கரண்டியில்.

வெண்பொங்கல் இறக்கியதும் நன்றாக இருக்கிறது, இலைக்கு வரும்போது கட்டியாகிவிடுகிறது. எப்படித் தடுப்பது?

இறக்கும்போதே "நன்றாக" இருந்தால் தவறு. அந்த நேரத்தில் அது தளர்ந்துதான் இருக்க வேண்டும். அரிசியின் மாவுச்சத்து சூடு ஆறஆற இறுகும், பாசிப்பருப்பும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். மார்கழிக் காலையில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

பச்சரிசி 1 கப், பாசிப்பருப்பு மூன்றில் ஒரு பங்கு கப். பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை மட்டும் வறுங்கள். சிவந்தால் குழையாது. இரண்டையும் சேர்த்துக் கழுவி, புது அரிசி என்றால் 5 கப் தண்ணீர், பழைய அரிசி என்றால் 6 கப் வரை. ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் நெய் சேர்த்துக் குக்கரில் மிதமான தீயில் 5 விசில். ஆவி தானாக அடங்கட்டும். திறந்ததும் சூட்டோடு கரண்டியின் பின்புறத்தால் மசித்துவிடுங்கள்.

பதம் பார்க்க ஒரு கரண்டி மொண்டு சரித்துப் பாருங்கள். பொங்கல் தானாக வழிந்து, விழுந்த இடத்தில் மெல்லப் பரவ வேண்டும். குவியலாக நின்றால் அரை கப் கொதிக்கும் வெந்நீர் ஊற்றிக் கிளறுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும்.

தாளிப்பில் வரிசை முக்கியம். 3 டேபிள்ஸ்பூன் நெய்யில் முந்திரியைப் பொன்னிறமாக வறுத்து எடுத்துவிடுங்கள். அதே நெய்யில் முதலில் மிளகு ஒன்றரை டீஸ்பூன். இரண்டொன்று படபடவென்று வெடித்ததும் சீரகம் 1 டீஸ்பூன், பிறகு பொடியாக நறுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, கடைசியாகப் பெருங்காயம். சீரகத்தை முதலில் போட்டால், மிளகு பொரியும்முன் அது கருகிவிடும்.

மிளகைக் குழந்தைகள் பொறுக்கி ஒதுக்குவார்கள் என்றால் பாதியை முழுதாகவும் பாதியை ஒன்றிரண்டாகத் தட்டியும் போடுங்கள். முழுவதையும் தூளாக்கிப் போட்டால் பொங்கல் சாம்பல் நிறமாகிவிடும். வெண்பொங்கலுக்கு அது அழகில்லை.

தொட்டுக்கொள்ளக் கொத்சு சுருக்கமாக எப்படி?

கத்தரிக்காய் கால் கிலோவைச் சுட்டு, தோலுரித்து மசியுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, நெல்லிக்காய் அளவு புளிக்கரைசலும் மசித்த காயும் சேர்த்து 10 நிமிடம் கொதிக்கவையுங்கள். மல்லிவிதையும் காய்ந்த மிளகாயும் வறுத்து அரைத்த பொடி ஒரு டேபிள்ஸ்பூன் கடைசியில். சிதம்பரம் பக்கத்துக் கொத்சு இந்தப் பொடியால்தான் நிற்கிறது.

கொள்ளு ரசம், கொள்ளுப் பருப்பு இரண்டையும் ஒரே வேகலில் செய்யலாமா?

அப்படித்தான் செய்ய வேண்டும். கொங்கு நாட்டு வீடுகளில் வேகவைத்த தண்ணீர் ரசத்துக்கு, வெந்த கொள்ளு கடைவதற்கு.

முதல் வேலை கல் அரித்தல். கொள்ளின் நிறத்திலேயே, அதே அளவில் கல் கலந்து வரும். தட்டில் பரப்பிப் பொறுக்கிய பிறகும், தண்ணீரில் போட்டு அரித்து எடுங்கள். இதில் சோம்பல்பட்டால் பல்லுக்குத்தான் சேதம்.

முக்கால் கப் கொள்ளை 8 மணி நேரம் ஊறவையுங்கள். ஊறவைக்க மறந்துவிட்டால் வாசனை வரும்வரை வறுத்துக் கழுவி, விசிலைக் கூட்டிக்கொள்ளுங்கள். 4 கப் தண்ணீர் விட்டு, ஊறியதற்கு 6 விசில், வறுத்ததற்கு 10 விசில். கொள்ளு நிறைய நுரைக்கும், அதனால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் விசில் குழாய் அடைக்காது. விரலால் நசுக்கினால் தோலோடு சேர்ந்து மசிய வேண்டும். நடுவில் நறநறத்தால் இன்னும் 3 விசில்.

வடித்த தண்ணீர் செம்பழுப்பாக, சற்றே கெட்டியாக இருக்கும். மிளகு ரசத்தில் விளாவும் 2 கப் தண்ணீருக்குப் பதில் இதை ஊற்றுங்கள், மற்றதெல்லாம் அப்படியே. அடியில் ஒரு ஸ்பூன் வெந்த கொள்ளை அரைத்துச் சேர்த்தால் ரசத்துக்கு உடம்பு கிடைக்கும்.

கடைசலுக்கு, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் 10, பூண்டு 5 பல், காய்ந்த மிளகாய் 3, மல்லிவிதை 1 டேபிள்ஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன் வதக்கி, வெந்த கொள்ளோடு சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள் அல்லது சட்டியில் மத்தால் கடையுங்கள். மழமழவென்று அரைத்தால் பசை மாதிரி ஆகி, வாயில் ஒட்டும். சூடான சாதத்தில் குழி செய்து, இதைப் போட்டு, மேலே நல்லெண்ணெய். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

ஆட்டுக்கால் சூப்பு நீர்த்துப்போகிறது, முடி கருகிய வாடையும் வருகிறது. என்ன செய்ய?

வாடைக்குக் காரணம் சுத்தம் போதாதது. கால்களை முடி போகச் சுட்டுத்தான் கடையில் வெட்டித் தருவார்கள். மேல்தோலில் கருக்கு ஒட்டியிருக்கும். கடலைமாவும் மஞ்சள்தூளும் போட்டுத் தேய்த்து, கத்தியால் சுரண்டி, குளம்புப் பிளவுக்குள்ளும் கழுவுங்கள். பிறகு கொதிநீரில் 5 நிமிடம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அழுக்கும் நுரையும் பாதி அதோடு போய்விடும்.

நீர்த்துப்போவதற்குக் காரணம் நேரம் போதாதது. காலில் கறி குறைவு. தோலும் நரம்பும் எலும்பு மூட்டும்தான் அதிகம். அவற்றிலுள்ள பசைச்சத்து நீண்ட நேரம் வெந்தால்தான் தண்ணீரில் கரையும். 4 கால்களுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தட்டிய சின்ன வெங்காயம் 10, பூண்டு 8 பல், ஒரு அங்குல இஞ்சி, தக்காளி 1, மஞ்சள்தூள், பாதி உப்பு. முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து 40 நிமிடம். ஆவியைத் தூக்கி விடாதீர்கள், தானாக அடங்கட்டும். குக்கர் இல்லாமல் சட்டியில் என்றால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

திறந்ததும் ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். மூட்டுத் தோல் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவ, எலும்பிலிருந்து வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சூப்பை ஒரு வாய் குடித்து உதட்டை மூடித் திறந்தால் லேசாக ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் இன்னும் 15 நிமிடம் வையுங்கள்.

மிளகு 1 டேபிள்ஸ்பூன், சீரகம் 2 டீஸ்பூன், மல்லிவிதை 1 டேபிள்ஸ்பூன் லேசாக வறுத்துப் பொடித்து இப்போது சேர்த்து, திறந்த நிலையில் 10 நிமிடம். உப்பைக் கடைசியில் சரிபாருங்கள். மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஆடாத கட்டியாக உறைய வேண்டும். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, சூப்பு சரியாக வந்ததன் அடையாளம். மேலே வெள்ளையாகப் படிந்த கொழுப்பைத் தேவையான அளவு எடுத்துவிட்டுச் சுடவையுங்கள்.

சைவத்தில் சட்டென்று செய்ய ஒரு சூப்பு?

முருங்கைக்கீரை. ஆய்ந்த இலை 2 கப், சின்ன வெங்காயம் 6, பூண்டு 4, தக்காளி பாதி, 4 கப் தண்ணீர், மூடாமல் 12 நிமிடம். வடிகட்டி, தட்டிய மிளகும் சீரகமும் தலா அரை டீஸ்பூன். அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரில் வேகவைத்தால் சற்றுக் கெட்டியாக வரும்.

சுக்கு காபிப் பொடி வீட்டில் எப்படி? காபித்தூள் எவ்வளவு?

பெயரில்தான் காபி, காபித்தூளே கிடையாது. சுக்கு 50 கிராம், மல்லிவிதை 100 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் 5. விருப்பம் இருந்தால் திப்பிலி 5 கிராம்.

"சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பார்கள். சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்த பிறகே பயன்படுத்துங்கள். கடைச் சுக்கில் சில நேரம் சுண்ணாம்பும் பூசியிருப்பதால் இது இன்னும் அவசியம். முழுச் சுக்கை மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். இரும்பு உரலில் நசுக்கி, நாரைப் பிரித்துவிட்டு, மற்றவற்றை லேசாக வறுத்து, ஆறியதும் சேர்த்து அரையுங்கள்.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பொடி, இரண்டு டீஸ்பூன் கருப்பட்டித் தூள். 4 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மண் இருக்கும் என்பதால் வடிகட்டிய பிறகும் அடி மண்டியை விட்டுவிட்டு ஊற்றுங்கள். இலங்கையில் சளி பிடித்தால் மல்லியையும் இஞ்சியையும் மட்டும் அவித்துக் குடிப்பார்கள். மிளகு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்ல வழி.

இதில் பால் சேர்த்தால் திரிந்துவிடுகிறதே?

வெல்லத்தையும் கருப்பட்டியையும் பாலோடு கொதிக்கவிட்டால், அவற்றிலுள்ள புளிப்பு பாலைத் திரிக்கும். கருப்பட்டிக் கரைசலைத் தனியாக, காய்ச்சிய பாலைத் தனியாக வைத்து, அடுப்பை அணைத்த பிறகு டம்ளரில் கலக்குங்கள்.

இஞ்சி டீ திரிவதற்குக் காரணம் வேறு. பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. இஞ்சியைத் தண்ணீரில் தட்டிப் போட்டு 3 நிமிடம் நன்றாகக் கொதித்தால் அது செயலிழந்துவிடும். அதன்பிறகு பால் ஊற்றுங்கள். பாலில் நேராக இஞ்சியைத் தட்டிப் போடுவதுதான் வம்பு.

மழை நாளில் பஜ்ஜி எண்ணெய் குடிக்காமல் வர?

கடலைமாவு 1 கப், அரிசிமாவு 2 டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், கசக்கிய ஓமம் அரை டீஸ்பூன், பெருங்காயம், சமையல் சோடா ஒரு சிட்டிகை. தண்ணீர் முக்கால் கப்புக்குள். மழைக்காலத்தில் மாவே ஈரம் இழுத்திருக்கும் என்பதால் தண்ணீரைக் கடைசி வரை கை பார்த்து ஊற்றுங்கள். மாவில் விரலை விட்டு எடுத்தால், விரல் தெரியாமல் மூடி, ஒரு சொட்டு மட்டும் கீழே விழ வேண்டும்.

எண்ணெய் குடிக்க மூன்று காரணங்கள்: சோடா கூடியது, மாவு நீர்த்தது, எண்ணெய் காயாதது. எண்ணெய் 175 முதல் 180 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு சொட்டு மாவு விட்டால் அடியில் தொட்டதும் மேலே எழும்ப வேண்டும், உடனே சிவந்துவிடக் கூடாது. ஒரே தடவையில் வாணலி நிறையப் போட்டால் சூடு இறங்கிவிடும்.

வாழைக்காய் கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பீர்கள். மாவில் தோய்க்கும்முன் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு தோய்த்தால் மேல்மாவு சட்டை கழன்றாற்போல் எண்ணெயில் பிரிந்துவிடும். பொரித்ததை மூடி வைக்காதீர்கள், அதன் ஆவியிலேயே நமுத்துப்போகும்.

திருவாதிரைக் களியில் அரிசி நறநறவென்று நிற்கிறது. ஏன்?

மார்கழித் திருவாதிரையன்று, சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் நடக்கும் நாளில், செய்யும் இந்தக் களியில் எல்லாரும் இடறும் இடம் ஒன்றுதான். வெல்லம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அரிசிக்கு விடாது. வெல்லத்தண்ணீர் பாகு பதத்துக்குப் போய்விட்டால் அதில் எந்த அரிசியும் வேகாது. சர்க்கரைப் பொங்கலில் அரிசி குழைந்த பிறகே வெல்லம் போடுவதும் இதனால்தான்.

பச்சரிசி 1 கப், பாசிப்பருப்பு 2 டேபிள்ஸ்பூன் இரண்டையும் பொன்னிறமாக வறுத்து, ரவையாக உடையுங்கள். பொடித்த வெல்லம் ஒன்றேகால் கப்பை இரண்டரை கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். கொதி வந்ததும், பாகாக விடாமல் உடனே அரை கப் தேங்காய்த்துருவலும் ஒரு ஸ்பூன் நெய்யும் போட்டு, ரவையைத் தூவிக் கிளறுங்கள். கெட்டியானதும் இறக்கி, பாத்திரத்தோடு மூடிக் குக்கரில் வெயிட் போடாமல் 12 நிமிடம் ஆவியில் வையுங்கள். அந்த ஆவிதான் அரிசியை முழுதாக வேகவைக்கிறது. எடுத்து முள்கரண்டியால் உதிர்த்து, ஏலக்காயும் நெய்யில் வறுத்த முந்திரியும் சேருங்கள்.

கூட ஏழுகறிக் கூட்டு. பச்சை மொச்சை, பூசணி, பரங்கி, அவரை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி எல்லாம் அந்தப் பருவத்தில் சந்தைக்கு வரும். களியின் இனிப்புக்கு அதன் புளிப்பும் காரமும் கட்டாயம் வேண்டும்.

குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை, தயிரும் உறையவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை.

மாவு புளிக்கத் தோதான சூடு சுமார் 27 முதல் 32 டிகிரி. 20க்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் சோம்பிவிடும், 8 மணி நேர வேலை 16 மணி நேரமாக இழுக்கும். அரைக்கும்போது கடைசியாக ஊற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். கையால் நன்றாகக் கலக்குங்கள். உப்பு புளிப்பதைத் தாமதமாக்கும் என்பதால் குளிர்நாட்டில் பொங்கிய பிறகு சேர்க்கலாம். டொரொண்டோ, லண்டன் வீடுகளில் ஓவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை வைப்பது நன்றாக வேலை செய்கிறது. ஓவன் இல்லாவிட்டால் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, நடுவில் மாவுப் பாத்திரத்தை வைத்துப் போர்வை சுற்றுங்கள். மாவுப் பாத்திரம் கையைச் சுடும் அளவுக்கு வெந்நீர் வேண்டாம், ஓரத்து மாவு வெந்துவிடும்.

தயிருக்குப் பால் 40 முதல் 43 டிகிரி, அதாவது சுண்டுவிரலை விட்டால் சூடு தெரிந்தும் பொறுக்கும் அளவு. கோடையில் லிட்டருக்கு 2 டீஸ்பூன் உறைமோர் என்றால் குளிரில் ஒன்றரை டேபிள்ஸ்பூன். ஹாட்பாக்ஸில் ஊற்றி மூடி, 8 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள்.

ஊட்டியில் பருப்பும் சாதமும் வேகவே மாட்டேன் என்கின்றன. தண்ணீர் காரணமா?

உயரம் காரணம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குப் போவதில்லை, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் அதிகம் போகும், சூடு ஏறாது. குக்கர் கட்டாயம். வழக்கத்தைவிட 2 விசில் கூட்டுங்கள். குக்கர் இல்லாமல் என்றால் அரிசியை ஒரு மணி நேரம், துவரம்பருப்பை இரவு முழுவதும் ஊறவையுங்கள்.

இதையெல்லாம் சாப்பிட்டால் சளி குணமாகுமா?

சூடான ரசமும் சூப்பும் மூக்கடைப்பை இளக்கும், தொண்டைக்கு இதம் தரும், பசி இல்லாதவர்களை நாலு கவளம் உண்ணவைக்கும். அது சின்ன உதவி இல்லை. ஆனால் நோயை அறுக்கும் மருந்து என்று நம்பி இருக்க வேண்டாம். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். வயிற்றுப்புண் உள்ளவர்கள் மிளகையும் சுக்கையும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

மிஞ்சிய பொங்கலையும் ரசத்தையும் மறுபடி எப்படிச் சுடவைப்பது?

ரசத்தைச் சிறுதீயில், முதல் தடவை போலவே நுரை கட்டும்வரை மட்டும். வேண்டிய அளவை மட்டும் தனியாக ஊற்றிச் சுடவையுங்கள், மொத்தத்தையும் திரும்பத்திரும்பச் சூடாக்கினால் மூன்றாவது தடவையில் வெறும் புளிநீர்தான் மிஞ்சும். பொங்கலை அப்படியே அடுப்பில் வைத்தால் அடிபிடிக்கும். ஒரு கப் பொங்கலுக்குக் கால் கப் வெந்நீர் தெளித்து, கட்டியைக் கரண்டியால் வெட்டிவிட்டு, குக்கர் தட்டில் வைத்து 8 நிமிடம் ஆவியில் சூடாக்குங்கள். எடுத்ததும் நாலைந்து மிளகைத் தட்டி, ஒரு ஸ்பூன் நெய்யில் புதிதாகப் பொரித்து மேலே ஊற்றுங்கள். பழைய தாளிப்பின் வாசனை இரவிலேயே போயிருக்கும்.